வெளிச்சத்தை அளப்பது மோசடி அல்ல

எச்டிஆர் படங்களைக் கண்டித்துச் சென்ற மாதம் வெளிவந்த கட்டுரையைப் பலர் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். குறிப்பாக, இப்போதுதான் கேமரா வாங்கியிருக்கும் பிள்ளைகள். எழுதியவர் நீண்ட காலமாக இத்துறையில் இருப்பவர். பயிற்சி முகாம் நடத்துகிறார். போட்டிகளில் நடுவராக உட்காருகிறார். அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். அதனாலேயே இதைச் சும்மா விட முடியவில்லை. ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்து மென்பொருளில் இணைக்கும் எச்டிஆர் முறை ஏமாற்று வேலை என்கிறார். கண் ஒரு கணத்தில் காண்பதை ஒரே கிளிக்கில் பிடிப்பதே புகைப்படம் என்கிறார். மேதைகள் அப்படித்தான் எடுத்தார்கள், இன்றைய சென்சாருக்கு ஷேடோ ஸ்லைடரை ஏற்றினாலே போதும், எச்டிஆர் என்றாலே கண்ணைக் கூசவைக்கும் கலர்தான் என்றெல்லாம் அடுக்கிக்கொண்டு போய், இப்படிப்பட்ட படங்களைப் போட்டிகளிலிருந்து தள்ள வேண்டும், வகுப்புகளில் இதைச் சொல்லிக்கொடுக்கவே கூடாது என்று முடிக்கிறார்.

இதில் ஒரு வாதம்கூடத் தேறாது. எல்லாத் தவறுகளும் ஒரே தவறிலிருந்து முளைத்தவை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எச்டிஆர் என்ற ஒரே பெயரில் நாம் இரண்டு வேலைகளைச் சொல்கிறோம். முதல் வேலை அளவெடுப்பது. மூன்று படமோ ஐந்து படமோ, ஒவ்வொன்றுக்கும் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பது கோப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஒரு புள்ளியில் பதிவான எண்ணை அந்த நேரத்தால் வகுத்தால், அந்த இடத்திலிருந்து வந்த வெளிச்சத்தின் அளவு கிடைத்துவிடும். ஒரு படத்தில் அந்தப் புள்ளி வெளுத்துப்போயிருந்தால் மென்பொருள் அந்த எண்ணை ஒதுக்கும். இன்னொன்றில் இருட்டில் முங்கியிருந்தால் அதற்கு மதிப்பைக் குறைக்கும். நன்றாகப் பதிவானவற்றைச் சேர்த்துச் சராசரி எடுக்கும். இதில் யாருடைய ரசனைக்கும் இடம் கிடையாது. கையில் வருவது அந்த இடத்தின் வெளிச்சக் கணக்கு. சாதாரணத் திரையில் முழுதாகக் காட்டக்கூட முடியாத அளவுக்கு அது அகலமானது.

இரண்டாவது வேலை, அந்த அகலமான கணக்கைத் திரைக்கும் தாளுக்கும் அடங்கும்படி சுருக்குவது. டோன் மேப்பிங் என்பது இதுதான். எதை எவ்வளவு ஏற்றலாம், எதை இருட்டாகவே விடலாம் என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டிய இடம் இது. கை தேர்ந்தவர் கையில் நன்றாக வரும். அளவு தெரியாதவர் கையில் கெட்டுப்போகும்.

கட்டுரையாளர் காட்டும் குற்றங்களில் பெரும்பாலானவை இரண்டாவது வேலையில் நடப்பவை. தண்டனையை மட்டும் முதல் வேலைக்கு விதிக்கிறார். எய்தவன் இருக்க அம்பை நோவது என்பது இதுதான். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் இத்துறையில் ஒருவர் தீர்ப்பு எழுதுவது பொறுப்பற்ற செயல்.

முதல் வேலை எவ்வளவு நேர்மையானது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 1997-இல் பால் டெபவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் சிக்ராஃப் மாநாட்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை தந்தார்கள். சாதாரண கேமராவில் வெவ்வேறு ஷட்டர் நேரங்களில் எடுத்த படங்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளி அளவுகளை மீட்டெடுப்பது எப்படி என்பது அதன் பொருள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நினைவுத் தேவாலயத்துக்குள் 30 நொடியில் தொடங்கி, ஒவ்வொரு ஸ்டாப்பாக, அதாவது பாதி பாதியாக, குறைத்துக்கொண்டே 1/1000 நொடி வரை 16 படங்கள் எடுத்திருந்தார்கள். வண்ணக் கண்ணாடி ஜன்னலில் எரியும் வெயிலும் மேற்கூரை மூலையின் இருட்டும் ஒரே கணக்குக்குள் வந்தன. மறுவருடமே, இப்படி அளந்த வெளிச்சத்தைக் கொண்டு கம்ப்யூட்டரில் உருவாக்கிய பொருள்களுக்கு ஒளியூட்டலாம் என்று டெபவெக் காட்டினார். இன்றைக்குப் படப்பிடிப்புத் தளங்களில் விஎஃப்எக்ஸ் குழுவினர் சுற்றுப்புறத்தை முழுவட்டமாகப் பல எக்ஸ்போஷர்களில் எடுத்துவைத்துக்கொள்வது அதற்காகத்தான். அந்த வெளிச்சத்தில் வைத்த டைனோசரின் நிழலும் பளபளப்பும் பக்கத்தில் நிற்கும் நடிகரோடு ஒத்துப்போகின்றன. இணைத்த படம் பொய் சொல்லியிருந்தால் இது ஒருநாளும் பொருந்தியிருக்காது. பொய் என்று கட்டுரையாளர் தள்ளும் கோப்பைத்தான் ஒளியின் அளவுகோலாக நம்பி ஒரு தொழிலே நடந்துகொண்டிருக்கிறது.

அடுத்தது, ஷேடோ ஸ்லைடரை ஏற்றினாலே போதும் என்ற வாதம். கட்டுரையிலேயே அதிகம் தீங்கு செய்யக்கூடிய வரி இதுதான். படிக்கும் பையனுக்கு இது வசதியாக இருக்கும், நம்பிவிடுவான்.

காரைக்குடிப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் எடுத்த படத்தை வைத்தே சொல்கிறேன். வீட்டின் நடுவே வானம் பார்த்த வளவு. சுற்றிலும் தாழ்வாரம். அதில் கறுத்துப்போன பர்மா தேக்குத் தூண்கள். தாழ்வாரத்தை ஒட்டிய அறை ஒன்றின் நிலையில் கஜலட்சுமி செதுக்கியிருக்கிறது. உச்சிவெயில் வளவில் நேராக இறங்கும் நேரம். எஃப்/8, ஐஎஸ்ஓ 100 என்று வைத்துக்கொண்டால், வெயில் விழும் தரைக்கு மீட்டர் 1/500 நொடி கேட்கிறது. நிலையின் செதுக்கலுக்கு 2 நொடி கேட்கிறது. இரண்டுக்கும் இடையே 1,000 மடங்கு. அதாவது 10 ஸ்டாப்.

இப்போது தரை வெளுக்காமல் இருக்க 1/500 நொடியில் ஒரே ஒரு படம் எடுப்போம். சென்சார் 14 பிட் என்றால் மொத்தம் 16,384 எண்கள். அவை ஸ்டாப்புகளுக்குச் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. மிகப் பிரகாசமான முதல் ஸ்டாப் மட்டுமே 8,192 எண்களை எடுத்துக்கொள்ளும். அடுத்ததற்கு 4,096, அதற்கடுத்ததற்கு 2,048. இப்படிப் பாதி பாதியாகக் குறைந்து பத்தாவது ஸ்டாப்புக்கு வெறும் 16. மீட்டர் சொல்லும் நடுத்தர டோனே வெள்ளைக்கு ஏறக்குறைய 3 ஸ்டாப் கீழே உட்காரும். அதற்கும் 10 ஸ்டாப் கீழே இருக்கிறது நம் கஜலட்சுமி. பன்னிரண்டாவது ஸ்டாப்பில் 4 எண்கள், பதின்மூன்றாவதில் 2. யானையின் தும்பிக்கை வளைவு, கலசத்தின் விளிம்பு, தாமரை இதழின் மடிப்பு என்று தச்சர் உளியால் இழைத்த அத்தனையும் இந்த இரண்டு மூன்று எண்களுக்குள் அடங்கியாக வேண்டும்.

எண்கள் ஒரு பக்கம். ஒளி தானே சிதறி வருவது என்பது இன்னொரு பக்கம். ஒரு புள்ளியில் 10,000 ஃபோட்டான் விழுந்தால் அதில் ஏற்றத்தாழ்வு 100 அளவுக்கு இருக்கும். நூற்றில் ஒரு பங்கு. 100 ஃபோட்டான்தான் விழுந்தது என்றால் ஏற்றத்தாழ்வு 10. பத்தில் ஒரு பங்கு. இருட்டில் நாய்ஸ் பிடுங்குவது இதனால். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சென்சாராலும் வராத ஒளியை உண்டாக்க முடியாது. ஷேடோ ஸ்லைடரை ஏற்றினால் செதுக்கலோடு சேர்ந்து இந்த ஏற்றத்தாழ்வும் ஏறும். தேக்கின் செம்பழுப்பு போய் ஊதாத் திட்டுகள் வரும். நாய்ஸ் ரிடக்‌ஷனைப் போட்டால் திட்டோடு சேர்த்து மரத்தின் ரேகைகளும் வழித்துக்கொண்டு போய்விடும். 4 ஸ்டாப் கூடுதலாக எடுத்த இன்னொரு படம் இருந்தால் அதே இடத்தில் 16 மடங்கு ஒளி விழுந்திருக்கும். நாய்ஸோடு ஒப்பிட்டால் தெளிவு 4 மடங்கு. இது ரசனை பற்றிய விவாதமே இல்லை, இயற்பியல்.

அதே இடத்தில் கேமராவை முக்காலியில் நிறுத்தி, அப்பர்ச்சரையும் ஐஎஸ்ஓவையும் ஃபோகஸையும் தொடாமல், ஷட்டரை மட்டும் 2 ஸ்டாப் இடைவெளியில் மாற்றினால் 1/500, 1/125, 1/30, 1/8, 1/2, 2 நொடி என்று ஆறு படங்கள். லைட்ரூமில் ஆறையும் தேர்ந்தெடுத்து எச்டிஆர் மெர்ஜ் கொடுத்தால் அது ஒரு டிஎன்ஜி கோப்பைத் தருகிறது. சாதாரண ரா கோப்பில் எக்ஸ்போஷர் ஸ்லைடர் 5 ஸ்டாப் மேலும் கீழும் போகும், இதில் 10. திறந்து பார்த்தால் கலர் கொப்பளிக்காது. சொல்லப்போனால் பார்க்கச் சப்பென்றுதான் இருக்கும். நிலையின் பக்கம் ஒரு மாஸ்க் போட்டு மெதுவாக ஏற்றினால் தேக்கு தேக்காகவே வெளியே வரும், உளித்தடத்தோடு.

அன்று வளவின் கொடியில் ஒரு வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. காற்றில் அது அசைந்ததால் ஆறு படத்திலும் ஆறு இடத்தில் இருந்தது. இதற்கென்றே டீகோஸ்ட் வசதி இருக்கிறது. எந்த இடங்களைத் திருத்தியிருக்கிறது என்பதைச் சிவப்புப் பூச்சாகப் படத்தின் மேலேயே காட்டும். அந்த இடங்களில் மென்பொருள் ஏதாவது ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆக அங்கே இணைப்பின் பலன் கிடைக்காது. இதைத் தெரிந்துகொண்டு, பூச்சு எங்கே விழுகிறது என்று பார்த்து, குறைந்த அளவில் வைத்துக்கொள்வதுதான் வேலை தெரிந்தவர் செய்வது. வேட்டிக்கு லோ போதும். ஹை வைத்தால் அசையாத தூணின் ஓரத்தையும் அது சந்தேகப்பட ஆரம்பித்துவிடும். கட்டுரையாளர் ‘பேய் உருவங்கள்’ என்று இளக்காரமாக எழுதியிருக்கும் குறை, கவனமாகச் செய்தால் தீரக்கூடியது. அதைத் தீர்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர், தொழிலையே விட்டுவிடு என்கிறார்.

மேகமூட்டமான நாளில், திறந்த வெளியில், முகம் எடுக்கும்போது ஒரே ரா கோப்பு தாராளமாகப் போதும். அங்கேயும் பிராக்கெட் செய்கிறவர்களை, அதாவது பல எக்ஸ்போஷரில் எடுக்கிறவர்களை, அவர் கண்டித்திருந்தால் நானும் கூடவே கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆனால் அவர் சொன்னது ‘எந்தக் காட்சிக்கும் தேவையில்லை’ என்பது.

கண் ஒரு கணத்தில் காண்பது என்ற வாதத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. அதே வளவில் நின்று பாருங்கள். வெயில் தரையைப் பார்க்கும்போது கண்மணி சுருங்குகிறது. நிலையின் பக்கம் திரும்பினால் விரிகிறது; விழித்திரையும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இரண்டையும் சேர்த்து ‘இந்த இடம் இப்படி இருக்கிறது’ என்று மனம் கட்டிக்கொள்கிறது. வெயிலும் நிலையும் ஒருசேரத் தெரிந்ததாக நமக்குத் தோன்றுவது பல பார்வைகள் சேர்ந்ததால்தான். ஒற்றை எக்ஸ்போஷர் படத்தில் நிலை இருந்த இடம் கறுப்புக் கட்டமாக வருகிறதே, அப்படி அந்த வீட்டை எந்த மனிதரும் பார்த்தது கிடையாது.

கேமரா தரும் ஜேபெக் ‘தொடப்படாத உண்மை’ என்று அவர் சொல்வதும் தவறு. அதற்குள் ஒரு டோன் கர்வ் இருக்கிறது, ஒயிட் பேலன்ஸ் இருக்கிறது, நாய்ஸ் ரிடக்‌ஷன் இருக்கிறது. நிக்கானில் ஆக்டிவ் டி-லைட்டிங், கேனானில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர் என்று இருண்ட பகுதியை ஏற்றிக்கொடுக்கும் வசதிகளும் இருக்கின்றன. தொழிற்சாலையில் ஒரு பொறியாளர் எடுத்த முடிவு உண்மை, காட்சியின் முன்னால் நின்ற புகைப்படக்காரர் எடுத்த முடிவு பொய் என்று சொல்ல என்ன நியாயம் இருக்கிறது?

இனி மேதைகள் விஷயம். இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. முன்னோர் பெயரைச் சொல்லி இளையவர்களை மிரட்டுகிறவர், அந்த முன்னோர் என்ன செய்தார்கள் என்பதையாவது படித்திருக்க வேண்டும்.

1850களில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடல் படங்கள் எடுத்தார். அன்றைய கொலோடியன் தகடு நீல ஒளிக்கு அளவுக்கு மீறி மசியும். கடலுக்கு எக்ஸ்போஷர் கொடுத்தால் வானம் வெள்ளைக் காகிதமாகிவிடும். மேகத்துக்குக் கொடுத்தால் கடல் இருண்டுவிடும். லெ கிரே வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, அடிவானக் கோட்டில் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். 1857-இல் செட் துறைமுகத்தில் எடுத்த ‘பேரலை’ படம் அப்படிப் பிறந்ததுதான். இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் அதைப் போற்றி வைத்திருக்கின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். லெ கிரே ஒரே வானத்தை வேறு வேறு கடல்களின் மேல் அச்சிட்டதும் உண்டு. இன்றைய எச்டிஆர் இணைப்பு அந்த அளவுக்குக்கூடப் போவதில்லை. அதே இடம், அதே கட்டம், சில நொடி இடைவெளி. புகைப்படக் கலைக்கு இருபது வயதுகூட ஆகாத காலத்திலேயே தொடங்கிய ஒரு வழக்கத்தை, கம்ப்யூட்டர் கொண்டுவந்த சீரழிவு என்று எழுதுகிறார் இவர்.

ஆன்சல் ஆடம்ஸ் பெயரையும் இழுத்திருக்கிறார். ஒரே கிளிக்கில் முழுமை என்பதற்கு அவர்தான் இலக்கணமாம். 1941-இல் நியூ மெக்சிகோவின் எர்னாண்டஸ் ஊரருகே எடுத்த நிலவுதயப் படத்தை எடுத்துக்கொள்வோம். ஆடம்ஸுக்கு லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளி அளவை நினைவில் வைத்துக் கணக்குப்போட்டு எடுத்தார். இரண்டாவதாக ஒன்று எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. ஆக நெகட்டிவ் ஒன்றுதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. முன்புறம் மெலிந்து பதிவாகியிருந்ததால், 1948-இல் அந்த நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயனத்தில் மறுபடி நனைத்து அடர்த்தி ஏற்றினார். பல பத்தாண்டுகள் அதைத் திரும்பத் திரும்ப அச்சிட்டபோது இருட்டறையில் சில பகுதிகளை மறைத்தும் சில பகுதிகளுக்குக் கூடுதல் ஒளி கொடுத்தும் வேலை செய்தார். முதல் பிரிண்டுகளில் வானத்தில் மேகக்கீற்றுகள் தெரிகின்றன. பிந்தைய பிரிண்டுகளில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. ஒரே கணம், ஒரே நெகட்டிவ், ஆனால் ஒன்றுக்கொன்று அவ்வளவு வேறுபட்ட பிரிண்டுகள். இந்த ஆடம்ஸைத்தான் மென்பொருளில் கை வைக்காதே என்பதற்குச் சாட்சிக்கு அழைக்கிறார்.

ஃபிரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து ஆடம்ஸ் வகுத்த ஸோன் சிஸ்டம் எதற்கு? காட்சியின் பரந்த ஒளி வீச்சைத் தாளின் குறுகிய வீச்சுக்குள் எப்படி அடக்குவது என்பதற்கு. டோன் மேப்பிங்கின் கேள்வியும் அதுவேதான். 2002-இல் எரிக் ரைன்ஹார்டும் மற்ற மூவரும் வெளியிட்ட டோன் மேப்பிங் முறை ஸோன் சிஸ்டத்தை வெளிப்படையாகவே அடித்தளமாகக் கொண்டது. இருட்டறையின் டாட்ஜிங், பர்னிங்கைத் தானாகச் செய்யும் வழியையும் அது தந்தது. இன்று பல இலவச மென்பொருள்களிலும் அது ரைன்ஹார்டு பெயரிலேயே இருக்கிறது. ஃபிலிமும் ஒற்றைப் பதிவு என்ற விரதம் காத்தது கிடையாது. அணுகுண்டு சோதனைகளைப் படமெடுக்க சார்லஸ் வைக்காஃப் உருவாக்கிய ஃபிலிமில் வெவ்வேறு வேகம் கொண்ட மூன்று படலங்கள் இருந்தன. வெடிப்பின் மையமும் அதைச் சுற்றிய புகையும் ஒருசேரப் பதிய அதுதான் வழி. நம்மூர் ஸ்டூடியோக்களில் நெகட்டிவின் மேல் பென்சிலால் டச்சிங் செய்த கைகளையும் நினைத்துப்பார்க்கிறேன். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் தாத்தா பாட்டி படங்களில் எத்தனையோ அந்தக் கைகள் பட்டவை. அவர்களையும் மோசடிக்காரர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டுத்தான் கட்டுரையாளர் தன் விதியைக் காப்பாற்ற முடியும்.

பால் ஹான்சன் விஷயத்தில் கட்டுரையாளர் செய்திருப்பது இன்னும் மோசம். 2012 நவம்பரில் காசாவில், குண்டுவீச்சில் இறந்த இரண்டு குழந்தைகளின் உடல்களை உறவினர்கள் சந்தில் சுமந்துவரும் படம் அது. அதை எடுத்த, ஸ்வீடனைச் சேர்ந்த ஹான்சனுக்கு வேர்ல்டு பிரஸ் போட்டோ அமைப்பு ஆண்டின் சிறந்த படம் என்ற விருதைத் தந்தது. 2013-இல் அது பல படங்களை ஒட்டியது என்று குற்றச்சாட்டு எழுந்தது உண்மை. கட்டுரையாளர் அத்தோடு நிறுத்திக்கொள்கிறார், ‘கையும் களவுமாகப் பிடிபட்ட’ உதாரணம் என்று. பிறகு நடந்தது என்ன? அமைப்பு தனித்த நிபுணர்களிடம் ரா கோப்பையும் விருது பெற்ற படத்தையும் கொடுத்து ஆராயச் சொன்னது. டோனிலும் கலரிலும் திருத்தங்கள் இருக்கின்றன, ஆனால் ஒட்டுவேலை எதுவும் இல்லை என்று அவர்கள் முடிவு சொன்னார்கள். விருது நின்றது. விசாரித்து விடுவிக்கப்பட்டவரைக் குற்றவாளி என்று அச்சில் எழுதுவது அவதூறு. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் துயரத்தைப் பதிவுசெய்த படத்தின் மேல் அந்த அவதூறைப் பூசுவதற்கு முன்னால் ஒரு கணம் சரிபார்த்திருக்க வேண்டாமா?

கண்ணைக் கூசவைக்கும் கலர் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அந்தப் படங்களை நானும் வெறுக்கிறேன். கோபுரத்தைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம், கரி பூசிய மேகம், பிளாஸ்டிக் மாதிரி தோல். 2005-இல் ஃபோட்டோஷாப் சிஎஸ்2 மெர்ஜ் டு எச்டிஆர் வசதியைக் கொண்டுவந்தது. ஃபோட்டோமேட்டிக்ஸ் போன்ற தனி மென்பொருள்களும் பரவின. அதற்கடுத்த சில ஆண்டுகள் ஸ்லைடர்களைக் கோடிக்கே இழுப்பது மோஸ்தராக இருந்தது. ஒளிவட்டம் எங்கிருந்து வருகிறது? ஃபோட்டோஷாப்பின் லோக்கல் அடாப்டேஷனில் ரேடியஸ், ஸ்ட்ரெங்க்த் என்று இரண்டு இருக்கின்றன. சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொரு இடத்தையும் ஏற்றி இறக்குவது அவற்றின் வேலை. அளவுக்கு மீறி வைத்தால் இருண்ட கோபுரத்துக்கும் வெளிர் வானத்துக்கும் இடையிலான விளிம்பில் அந்த ஒப்பீடு குழம்பி, வானம் அங்கே மட்டும் வெளுத்துவிடும். இரண்டையும் குறைத்தால் வட்டம் மறையும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு நேரம் போதும். அவர் அந்த வகுப்பையே ரத்து செய்யச் சொல்கிறார்.

அந்த மோஸ்தரும் எப்போதோ ஓய்ந்துவிட்டது. 2015-இல் லைட்ரூமுக்குள் வந்த எச்டிஆர் மெர்ஜ் எந்த அலங்காரத்தையும் தானாகப் பூசுவதில்லை. மற்ற ரா கோப்புகளைப் போலவே ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. 2007-இல் டாம் மெர்ட்டென்ஸும் இரு சகாக்களும் தந்த எக்ஸ்போஷர் ஃபியூஷன் முறையில் டோன் மேப்பிங்கே கிடையாது. ஒவ்வொரு படத்திலும் நன்றாகப் பதிவான பகுதிகளுக்கு முன்னுரிமை கொடுத்துக் கலக்கிவிடும். அதைச் செய்யும் என்ஃபியூஸ் இலவசம். டார்க்டேபிளும் லூமினன்ஸ் எச்டிஆரும் இலவசம். பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒரு வரி எழுதியிருக்கிறாரே, அதற்கு இது போதும்.

கைபேசியைப் பற்றி அவரே கிளப்பியிருப்பதால் சொல்கிறேன். ‘எந்தக் கலப்பும் இல்லாமல்’ எடுத்ததாகக் கட்டுரையோடு அவர் வைத்திருக்கும் படம், அதன் அடியில் அவரே குறிப்பிட்டிருப்பதுபோல், கைபேசியில் எடுத்தது. ஐபோனில் எச்டிஆர் 2010-இலேயே வந்துவிட்டது. கூகுளின் எச்டிஆர் பிளஸ், பொத்தானை அழுத்தும்போது வேண்டுமென்றே இருட்டாக எடுத்த பல படங்களை ஒன்றோடொன்று பொருத்தி இணைக்கிறது. அண்மைக்கால நல்ல கைபேசிகளில் பெரும்பாலானவை, கேட்காமலேயே, எப்போதும் இதைத்தான் செய்கின்றன. தன் நேர்மைக்குச் சான்றாக அவர் காட்டும் படமே இணைத்த படமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வேறுபாடு ஒன்றுதான்: அங்கே இணைப்பை ஒரு நிறுவனம் தீர்மானித்தது, முக்காலியோடு நிற்கும் மாணவி தானே தீர்மானிக்கிறாள். அவளைப் போட்டியை விட்டு வெளியே போகச் சொல்கிறார்.

ஆவணப்படுத்தலில் இதன் விளைவு நீண்ட நாள் நிற்கும். செட்டிநாட்டு வீடுகள் பல இடிபடுகின்றன. தூண்களும் நிலைகளும் பிரித்து விற்கப்படுகின்றன. இன்று ஒரே எக்ஸ்போஷரில் எடுத்து நிலையைக் கறுப்பாக விட்டால், அந்த வீடு போன பிறகு அந்தச் செதுக்கலை எந்த ஸ்லைடராலும் கொண்டுவர முடியாது. பிராக்கெட் செய்து வைத்த ஆறு படங்களோ நாளுக்கு நாள் மதிப்புக் கூடுபவை. 2023-இல் ஆண்ட்ராய்டு 14 அல்ட்ரா எச்டிஆர் படங்களைத் திரையில் அவற்றின் முழுப் பிரகாசத்தோடு காட்டத் தொடங்கியது. அதே ஆண்டு லைட்ரூமும் எச்டிஆர் திரைக்கென்றே படங்களைத் திருத்தும் வசதியைத் தந்தது. சுருக்கித்தான் காட்ட வேண்டும் என்ற கட்டாயமே இப்போது தளர்ந்துவருகிறது. பத்து வருடம் முன்பு பிராக்கெட் செய்து வைத்தவர் இன்று அதே கோப்புகளைத் திறந்து, அன்று காட்ட முடியாத வெயிலைக் காட்டலாம்.

இணைப்பு கூடாத இடங்கள் உண்டு. நடந்துகொண்டிருக்கும் செய்தி, ஓடும் மனிதர்கள், ஒரு கணத்தில் முடிந்துவிடும் நிகழ்வு. இங்கே பல கணங்களை ஒன்றாக்குவது நடக்காத ஒன்றைக் காட்டிவிடக்கூடும். செய்திப் படப் பிரிவில் தடை இருப்பது சரி. அதற்கும் அப்பால் சந்தேகம் வரும் இடங்களில் வெளிப்படையாகச் சொல்வதே முறை. 2012 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் முதல் பக்கத்தில் 14-வது தெருப் பாலத்தின் எச்டிஆர் படம் ஒன்றை வெளியிட்டது. பல படங்களை மென்பொருளில் இணைத்தது என்று படக்குறிப்பிலேயே எழுதியிருந்தது. அதையும் பலர் எதிர்த்தார்கள், விவாதம் நடந்தது. ஆனால் வாசகரிடம் எதுவும் மறைக்கப்படவில்லை.

கட்டடம், நிலக்காட்சி, உள்ளறை, கோயில் பிராகாரம் போன்ற பிரிவுகளில் இந்தத் தடைக்கு எந்த நியாயமும் கிடையாது. அவர் நடுவராக உட்காரும் அடுத்த போட்டியில், இணைத்த படம் அனுப்புகிறவர் அதைப் படிவத்திலேயே குறிப்பிடட்டும். கேட்டால் ரா கோப்புகள் அத்தனையும் கொடுக்கட்டும். ஒட்டுவேலை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஒளிவட்டமும் பிளாஸ்டிக் தோலும் இருந்தால் தாராளமாக மதிப்பெண்ணைக் குறைக்கட்டும். இவை எதுவும் இல்லாத ஒரு படத்தை, இணைத்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளுவாரானால், அந்தக் காரணத்தைத் தன் பெயர் போட்டு, அந்தப் படத்தை எடுத்தவருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும்.